ஏழாம் படுக்கைக்கு ஒரு ஐபி அட்ரஸ்

1. இருநூற்று ஐம்பத்து நான்கும் தீர்ந்த நாள்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஓ.பி. கவுண்ட்டரில் இருந்த ஐந்து கம்ப்யூட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. டோக்கன் வரிசை போர்ட்டிகோவைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டு வரை வந்துவிட்டது. மூன்று மாதம் முன்புதான் அந்த ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் பொறுப்பில் சேர்ந்திருந்தேன். அதற்கு முன் வில்லியனூரில் ஒரு கேபிள் இண்டர்நெட் ஆபீஸில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். கேபிள் அறுந்தால் ஒட்டத் தெரியும், ரூட்டர் போனால் மாற்றத் தெரியும். அன்று எதுவும் அறுந்திருக்கவில்லை, எதுவும் போயிருக்கவில்லை. விளக்கெல்லாம் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் எண்பது படுக்கை ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். புதுச்சேரி டவுனில் இருந்த தலைமை ஆபீஸ் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பிளாக் ஐபி அட்ரஸ் கொடுத்திருந்தது. நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கதவிலக்கம் வேண்டும். அதுதான் ஐபி அட்ரஸ். எங்கள் பிளாக்கில் மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு. அதில் முதல் எண்ணும் கடைசி எண்ணும் நெட்வொர்க்கின் சொந்த உபயோகத்துக்குப் போய்விடும். கருவிகளுக்கு மிஞ்சுவது இருநூற்று ஐம்பத்து நான்கு. கூடுதலாக இன்னொரு பிளாக் கேட்டால் கடிதம் போய்ப் பதில் வர மாதக் கணக்காகும்.

சர்வரைத் திறந்து பார்த்தேன். இருநூற்று ஐம்பத்து நான்கும் யாருக்கோ கொடுக்கப்பட்டிருந்தது. காரணம் கண்டுபிடிக்க அரை மணி நேரம் பிடித்தது. வைஃபை பாஸ்வேர்டு ரிசப்ஷன் போர்டில் எழுதி ஒட்டியிருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் போனை அதில் போடுவார்கள். ஊசி போட்டுக்கொண்டு பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் அவர்கள் போனுக்குக் கொடுத்த அட்ரஸ் எட்டு நாள் அவர்கள் பேரிலேயே கிடக்கும். அப்படித்தான் செட்டிங் இருந்தது. நான் சேர்ந்த அன்றே பார்த்திருக்க வேண்டியது அது. பார்க்கவில்லை.

அட்மினிஸ்ட்ரேட்டர் தணிகாசலம் சார் கவுண்ட்டருக்கே வந்துவிட்டார். குரலை உயர்த்தாத மனிதர். வரிசையை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். பேஷண்ட்டுகளுக்கு இருக்கும் வைஃபையை முதலில் நிறுத்தச் சொன்னார். செட்டிங்கில் பேஷண்ட் வைஃபைக்கு நேரே இருந்த டிக்கை எடுத்தேன். பழைய பதிவுகளை அழித்ததும் பத்து நிமிஷத்தில் கவுண்ட்டர் ஓட ஆரம்பித்தது. எல்லாரும் நிம்மதியானார்கள். நானும்தான்.

2. எட்டுச் சம பங்கு

இனி இப்படி நடக்கக் கூடாது என்று அந்த வாரமே நெட்வொர்க்கைப் பிரித்தேன். மொத்தமாகக் கிடந்ததைத் துண்டு துண்டாக்கினால் ஒரு பிரிவில் வரும் நெருக்கடி மற்றதைத் தொடாது. அந்தத் துண்டுக்குத்தான் சப்நெட் என்று பெயர். ஆபீஸில் இருந்த பட்டியலை வாங்கினேன். ஓ.பி., வார்டு, சி.சி.டி.வி., லேப், பார்மசி, ஆபீஸ், எக்ஸ்ரே, டயாலிசிஸ். எட்டுப் பிரிவு. இருநூற்று ஐம்பத்தாறை எட்டால் வகுத்தால் முப்பத்திரண்டு, மீதி இல்லை. ஒவ்வொன்றிலும் நெட்வொர்க்குக்கு இரண்டு போனால் முப்பது. எல்லோருக்கும் ஒரே மாஸ்க்; துண்டு எவ்வளவு பெரியது என்று சொல்லும் எண் அது. சார்ட் போட்டு சர்வர் ரூம் கதவில் ஒட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. என் வேலையைப் பார்த்து நானே ரசித்த நாட்களில் அது ஒன்று.

பேஷண்ட் வைஃபையை நான் திரும்பப் போடவில்லை. சார் சொன்னதால் மட்டும் இல்லை. எட்டுப் பிரிவுக்கு எட்டுத் துண்டு சரியாக முடிந்திருந்தது. ஒன்பதாவதுக்கு இடமே இல்லை.

முதல் வாரத்திலேயே ஓ.பி.யில் முனகல் கேட்டது. ஏதாவது ஒரு டாக்டரின் டேப்லெட் தினமும் வெளியே நின்றது. ஓ.பி.யில் முப்பதுக்கு மேல் கருவி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் யார் கேட்டாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒன்று ஆஃப் ஆனால் இன்னொன்றுக்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான். சார்ட்டின் அழகைக் கெடுக்க மனசில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் எப்போதாவது இதைச் செய்திருப்பார்கள் என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

3. ஒரு சனிக்கிழமை

வைஃபையை நிறுத்தி இரண்டாவது வாரம் முடிந்த சனிக்கிழமை மதியம். கேஷுவாலிட்டியில் பிரிண்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். மணப்பட்டிலிருந்து ஒரு ஆட்டோ வந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு ஆளை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். படுக்க வைக்க முடியவில்லை; உட்கார்ந்தபடியே வாயால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கூட வந்தது அவர் மனைவி. டூட்டி டாக்டர் கேட்ட கேள்வி எதற்கும் அவள் வாயால் பதில் சொல்லவில்லை. இரண்டு கையும் வேகமாக எதையோ சொன்னது. எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. டாக்டர் இரண்டாவது முறை கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். அவள் அவர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து, ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எழுதினாள். அஞ்சு தடவை, நாலு மணி நேரம் இல்லை, ரெண்டு மணி நேரம்தான்.

அந்தச் சமயம் டயாலிசிஸ் இன்சார்ஜ் சிஸ்டர் அமலோற்பவம் உள்ளே வந்தார். ஆளைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவர் நாகமுத்து, நம்ம ஏழாம் பெட் என்றார். திங்கள், புதன், வெள்ளி காலையில் வருகிறவர். இரண்டு வாரமாக நான்கு மணி நேரம் முடிவதற்குள் கழற்றிவிடச் சொல்லி, சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. எடுக்காமல் விட்ட தண்ணீர் உடம்பில் சேர்ந்து நுரையீரல் வரை போயிருந்தது.

வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பெண் கூடவே ஓடினாள். அவள் பெயர் தெய்வானை என்று பிறகு தெரிந்தது. பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயசில் புதுச்சேரியில் காது கேளாதோர் பள்ளியில் சில வருஷம் படித்தவள். அன்று எனக்குத் தெரிந்தது அவள் எழுதிய அந்த ஒரு வரிதான். அந்தச் சீட்டு பிரிண்டர் மேலேயே கிடந்தது.

4. முப்பதில் நான்கு

திங்கட்கிழமை காலை சிஸ்டர் கூப்பிட்டார். டயாலிசிஸ் ஹாலில் பிரிண்டர் பேப்பரை மென்றுகொண்டிருந்தது. போனேன். பன்னிரண்டு படுக்கை, பன்னிரண்டு மெஷின். ஏழாம் படுக்கையில் நாகமுத்து படுத்திருந்தார். முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. இடது கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை அசைக்கவே கூடாது. வலது கையில் போனை வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் அவரிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். இன்றைக்காவது முழு நேரம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவை கேஷுவாலிட்டி வரை வந்து சேரமாட்டாய் என்று. நாகமுத்து போனை வயிற்றின் மேல் வைத்தார்.

"நான் இன்னா சிஸ்டர் பண்றது. நாலு மணி நேரம் நான் இங்க படுத்துக்கினா, அது அங்க மார்க்கெட்ல ஒண்டியா நிக்குது. வர்றவங்க இன்னா கேக்குறாங்கன்னு அதுக்கு யாரு சொல்றது? முன்னெல்லாம் போன்ல நான் சொல்வேன். இப்பதான் வைஃபைய எடுத்துட்டாங்களே."

பிறகு அவரே விவரமாகச் சொன்னார். உடம்பு கெட்டபின் கடலுக்குப் போவது நின்றது. தெய்வானை விடியலில் கரையில் மீன் எடுத்துப் பாகூர் மார்க்கெட்டில் விற்கிறாள். டயாலிசிஸ் இல்லாத நாளில் இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். டயாலிசிஸ் நாளில் அவள் போனை ஐஸ் பெட்டி மேல் சாய்த்து வைத்து வீடியோ கால் போடுவாள். வருகிறவர்கள் போனைப் பார்த்துக் கேட்பார்கள். இவர் இங்கே படுத்தபடி காதில் வாங்கி, வலது கையால் அவளுக்குச் சொல்வார். அவள் பதிலைப் பார்த்து இவர் வாயால் சொல்வார். ஹாலில் போன் சிக்னல் கிடையாது. சுற்றிலும் கான்கிரீட், ஒரு பக்கம் எக்ஸ்ரே ரூமின் ஈயத் தகடு வைத்த சுவர். வைஃபை ஒன்றுதான் வழி.

வைஃபை நின்ற அன்றே, மார்க்கெட்டில் இடம் மாற்றச் சொல்லி யாரோ அவளிடம் கத்தியிருக்கிறார்கள். அவளுக்குப் புரியவில்லை. கூடையைத் தூக்கிச் சாக்கடை ஓரம் வைத்துவிட்டார்கள். அன்று நாகமுத்து போனபோது அவள் அங்கேயே, யாரும் வராத இடத்தில், மீனுக்கு மேல் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"அன்னிக்கிலேர்ந்து நான் பாதியிலயே கெளம்பிடுவேன்" என்றார். "அது அழுவாது. அது அழுதாகூட எனக்கு இவ்ளோ கஷ்டமா இருக்காது."

கையில் பிரிண்டரின் டிரேயை வைத்துக்கொண்டு நின்றேன். யார் எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. நான்தான் என்று நானும் சொல்லவில்லை.

பிரிண்டரைச் சரி பண்ணிவிட்டு, பழக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து டயாலிசிஸ் சப்நெட்டைப் பார்த்தேன். இங்கே மெஷின்கள் நெட்வொர்க்கில் இல்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சிஸ்டரின் டேப்லெட், வாசலில் வருகைப் பதிவுக் கருவி. நான்கு. நான் கொடுத்தது முப்பது. ரூட்டருக்கு ஒன்று போக, அதே ஹாலில், அவர் தலைக்கு மேலே, இருபத்தைந்து அட்ரஸ் யாருக்கும் உபயோகமில்லாமல் கிடந்தது. மாடியில் ஓ.பி. டாக்டர்கள் இடம் கிடைக்காமல் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அங்கேயே நின்று ஒரு காரியம் செய்தேன். நாகமுத்துவிடம் போனை வாங்கி, டயாலிசிஸ் பிரிவின் வைஃபையில் கையால் சேர்த்து, ஒரு அட்ரஸ் போட்டுக் கொடுத்தேன். அவர் கால் போட்டு, போனை மடித்த போர்வை மேல் சாய்த்து வைத்தார். தெய்வானையின் முகம் வந்தது. பின்னால் வெயிலும் கூட்டமும். அவர் வலது கை எழுந்தது. அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

5. தணிகாசலம் சார் சொன்னது

நேராக அட்மினிஸ்ட்ரேட்டர் ரூமுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பிரித்தது தப்பு, ஓ.பி.யில் டேப்லெட் நிற்பதற்கும் அதுதான் காரணம், இரண்டும் என் வேலை என்றேன். பாராட்டுவார் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் சொன்ன விஷயத்தையும் எதிர்பார்க்கவில்லை.

"உன் மனசு புரியுது மெஹரு. ஆனா நீ இன்னா பண்ணியிருக்கன்னா, வெளியாளு போனைக் கொண்டாந்து பேஷண்ட் ரெக்கார்டு இருக்கிற எடத்துல வச்சிருக்க. அந்த போனுக்குள்ள இன்னா இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அந்தப் பன்னிரண்டு பேருடைய ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் அந்தத் துண்டில்தான் ஓடுகிறது. இரக்கப்பட்டு நான் திறந்த கதவு நாகமுத்துவுக்கு மட்டும் திறந்ததாக இல்லை. மனிதர் சொன்னது சரி.

உடனே எடுத்துவிடச் சொல்லவில்லை. இந்த வாரம் இருக்கட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓ.பி. கிடையாது, அப்போது மொத்தத்தையும் ஒழுங்காகப் பிரித்துவிட வேண்டும். முடியவில்லை என்றால் அன்றே அந்தப் போனை எடுத்துவிட வேண்டும். பேஷண்ட்டுக்கு நெட் எதற்கு, படம் பார்க்கவா என்று இவ்வளவு நாள் நினைத்திருந்ததாகவும் சொன்னார். அந்தம்மா எந்த மார்க்கெட் என்று கேட்டார். பாகூர் என்றேன். தலையசைத்தார்.

6. நடந்து எண்ணியது

இந்த முறை ஆபீஸ் பட்டியலைத் தொடவில்லை. செவ்வாயிலிருந்து வியாழன் வரை ஒவ்வொரு அறையாக நடந்தேன். மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஒரு வார்டில் மூன்று வருஷமாக யாரும் தொடாத கம்ப்யூட்டர் பெட்ஷீட் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. பார்மசியில் ஒரு பிரிண்டர் இரண்டு அட்ரஸை வைத்துக்கொண்டிருந்தது. ரூட்டரின் கதவுக்கும் ஒன்று வேண்டும் என்பதால் ஒவ்வொரு பிரிவுக்கும் அதையும் சேர்த்தேன். ஓ.பி. நாற்பத்தொன்று. வார்டு இருபத்தாறு. கேமரா இருபத்து நான்கு. லேபும் பார்மசியும் பக்கத்துப் பக்கத்து அறை, சேர்த்தால் பதின்மூன்று. ஆபீஸ் பதினொன்று. எக்ஸ்ரே ஐந்து. டயாலிசிஸ் ஐந்து. மடுகரையிலும் மணப்பட்டிலும் இருந்த சின்னக் கிளினிக்குகளுக்குப் போகும் வயர்லெஸ் இணைப்புக்குத் தலா இரண்டு. அதுவரை அவை இரண்டும் ஆபீஸ் துண்டில் தொற்றிக்கொண்டிருந்தன.

பேஷண்ட்டுகளை எப்படி எண்ணுவது என்று தெரியவில்லை. சிஸ்டரிடம் கேட்டேன். அமலோற்பவம் சிஸ்டர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். டயாலிசிஸில் ஒரு ஷிஃப்டுக்குப் பன்னிரண்டு பேர், வார்டில் இருப்பவர்களில் போன் வைத்திருப்பவர்கள், பிரசவ வார்டு வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள். எந்த நேரத்திலும் ஐம்பதைத் தாண்டாது என்று தோன்றியது. அட்ரஸை எட்டு நாள் கொடுக்காமல் ஒரு மணி நேரம் கொடுத்தால், போய்விட்டவர்களின் இடம் உடனே திரும்பிவிடும்.

சப்நெட்டின் அளவு நம் இஷ்டத்துக்கு வராது. நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என்றுதான் வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு நெட்வொர்க்குக்குப் போகும். ஆனால் எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேறு வேறு நீளத்தில் மாஸ்க் வைக்கலாம். வி.எல்.எஸ்.எம். என்று பரீட்சைக்குப் படித்திருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன். வேலையில் ஒரு முறையும் உபயோகித்ததில்லை.

முதல் தாளில் தப்புப் போட்டேன். மனசில் டயாலிசிஸே நின்றதால் அதை முதலில் வைத்தேன். பூஜ்ஜியத்திலிருந்து ஏழு வரை. அடுத்து ஓ.பி.க்கு அறுபத்து நான்கு. அதை எட்டிலிருந்து தொடங்க முடியாது. அறுபத்து நான்கு அளவுள்ள துண்டு பூஜ்ஜியத்தில் தொடங்கும், அறுபத்து நான்கில் தொடங்கும், நூற்றிருபத்தெட்டில் தொடங்கும், நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கும். நடுவில் எங்கும் நிற்காது. சின்னதை முன்னால் வைத்தால் பெரியதற்கு இடம் இருந்தும் உட்கார முடியாமல் போகும். தாளைக் கிழித்துவிட்டுப் பெரியதிலிருந்து ஆரம்பித்தேன்.

ஓ.பி.க்குப் பூஜ்ஜியம் முதல் அறுபத்து மூன்று. பேஷண்ட்டுகளுக்கு அறுபத்து நான்கு முதல் நூற்றிருபத்தேழு. வார்டுக்கும் கேமராவுக்கும் முப்பத்திரண்டு முப்பத்திரண்டாக. லேப்-பார்மசிக்கும் ஆபீஸுக்கும் பதினாறு பதினாறு. எக்ஸ்ரேக்கும் டயாலிசிஸுக்கும் எட்டு எட்டு. கிளினிக் இணைப்பு இரண்டுக்கும் நான்கு நான்கு. கூட்டினால் இருநூற்று நாற்பத்தெட்டு. எல்லாருக்கும் கொடுத்த பிறகும் கடைசியில் எட்டு மிஞ்சியது. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். இரண்டு வாரம் முன்பு ஒன்பதாவது ஆளுக்கு இடமில்லை என்று சொன்னதும் இதே இருநூற்று ஐம்பத்தாறை வைத்துக்கொண்டுதான்.

பேஷண்ட் துண்டிலிருந்து இண்டர்நெட்டுக்கு மட்டும் வழி. மற்ற எந்தத் துண்டுக்கும் போக முடியாதபடி ரூட்டரில் தடை எழுதினேன். சார் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

7. ஞாயிறு காலை

ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரம் எல்லாரும் பேப்பரில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தது. சிஸ்டருக்கு அன்று லீவு. காலைப் பூசையை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். நான் சர்வர் ரூமில், அவர் வார்டு வார்டாக நடந்து எது வருகிறது எது வரவில்லை என்று போனில் சொல்வதாக ஏற்பாடு.

எட்டே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சிஸ்டர் கூப்பிட்டார். வார்டில் பாதி வேலை செய்கிறது, பாதி இல்லை என்றார். குழந்தைகள் வார்டில் ஒரு சின்னப் பிள்ளைக்கு லேப் ரிப்போர்ட் வர வேண்டும். டாக்டர் திரை முன்னால் காத்திருக்கிறார். ஸ்விட்சைப் பார்த்தேன், கேபிளைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. லேபுக்கு ஆள் அனுப்பிக் கையில் ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார் சிஸ்டர். பிறகு என்னிடம், பதறாமல் நீ எழுதினதை எனக்கு வாசித்துக் காட்டு என்றார். அவருக்கு நெட்வொர்க் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். வார்டின் மாஸ்க் வந்ததும் நானே நின்றுவிட்டேன். கடைசி எண் இருநூற்று இருபத்து நான்கு இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்று நாற்பது இருந்தது. அது லேபின் மாஸ்க். சற்று முன் அடித்ததையே கை மறுபடி அடித்துவிட்டது. முப்பத்திரண்டு வீடு உள்ள தெருவைப் பதினாறோடு முடிந்தது என்று ரூட்டரிடம் சொல்லியிருந்தேன்.

மாற்றினேன். வார்டு முழுவதும் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல்தான், பயப்பட ஒன்றும் இல்லை என்று பிறகு சிஸ்டர் சொன்னார். அன்றிலிருந்து என்ன மாற்றினாலும் யாரையாவது பக்கத்தில் வைத்து வாய்விட்டு வாசித்துவிடுகிறேன். கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்று இல்லை.

8. பாகூர் மார்க்கெட்

திங்கட்கிழமை நாகமுத்து நான்கு மணி நேரமும் இருந்தார் என்று சிஸ்டர் சொன்னார். ஓ.பி.யிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. நான் ஏழாம் படுக்கைப் பக்கம் போகவில்லை. புதன்கிழமை வேலைக்குப் போகும் முன் பாகூர் மார்க்கெட்டுக்குப் போனேன். அத்தா கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஊர். அந்த மார்க்கெட்டில் எத்தனையோ வருஷமாக மீன் வாங்கியிருக்கிறேன். தெய்வானையை ஒரு நாளும் கவனித்ததில்லை.

சாக்கடை ஓரத்தில் இல்லை. ஆட்கள் வந்துபோகும் மீன் வரிசையிலேயே இருந்தாள். ஐஸ் பெட்டி மேல் போன் சாய்ந்திருந்தது. திரையில் நாகமுத்துவின் முகமும் ஒரு கையும். ஒரு பெரியவர் சங்கரா மீனைத் தூக்கிக் காட்டி போனிடம் பேசிக்கொண்டிருந்தார். நாகமுத்துவின் கை எழுந்து, மடங்கி, விரிந்தது. தெய்வானை பார்த்தாள், சிரித்தாள், பதில் சொன்னாள். போனிலிருந்து அவர் குரல் வந்தது. பெரியவர் வாங்கிக்கொண்டு போனார். கூட்டத்தில் யாரும் இதை வேடிக்கை பார்க்கவில்லை. அவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

என் முறை வந்தது. போனுக்கு முன்னால் குனிந்தேன். நாகமுத்து அடையாளம் கண்டுகொண்டார். இன்னா மேடம் நீங்களே வந்துட்டீங்க என்றார். நெத்திலி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"அண்ணே, அன்னிக்கு வைஃபைய நிறுத்துனது நான்தான். உங்களுக்குத் தெரியட்டும்னு சொல்லிட்டுப் போவ வந்தேன்."

திரையில் அவர் கை மெதுவாக அசைந்தது. நான் சொன்னதை அப்படியே அவளிடம் சொல்கிறார் என்று புரிந்தது. தெய்வானை கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துணியில் துடைத்தாள். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைக் காட்டி, போனைக் காட்டி, கூடையிலிருந்து எதையோ எடுப்பதுபோல் காட்டி, ஏதோ கேட்டாள்.

நாகமுத்து சொன்னார். "அது ஒண்ணு கேக்குது மேடம். இப்ப எங்களுக்குக் குடுத்தீங்களே, அத யாருகிட்டேர்ந்து எடுத்தீங்கன்னு கேக்குது."

இரண்டு வாரம் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்த பெண் கேட்ட கேள்வி அது. யாரிடமிருந்தும் எடுக்கவில்லை, எல்லாருக்கும் போதுமானது அங்கேயே சும்மா கிடந்தது, நான்தான் பார்க்கவில்லை என்றேன். அவர் கை அதைச் சொன்னது. அவள் தலையை ஆட்டினாள். அந்தப் பதில் போதுமாயிருந்தது போலிருக்கிறது. கத்தியை எடுத்துக்கொண்டு, எனக்கு என்ன மீன் வேண்டும் என்று கண்ணால் கேட்டாள்.

நாகமுத்து இப்போதும் வருகிறார். மதிய ஷிஃப்டுக்கு மாறிவிட்டார். மார்க்கெட் நேரத்தில் அவளோடு உட்கார்ந்துவிட்டு இங்கே வருகிறார். அவருக்கு இப்போது வைஃபை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. பேஷண்ட்டுகளுக்கு ஒதுக்கிய அந்த அறுபத்து நான்கில் வேறு யார் யாரோ யார் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அதன் பிறகு எத்தனையோ இடத்தில் நெட்வொர்க் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். சமமாக வெட்டினால் கணக்கு சுலபமாக முடியும். முடிந்த கணக்கில் ஆள் விட்டுப்போயிருப்பது தெரியாது. நடந்து எண்ணுங்கள், பெரியதை முதலில் வையுங்கள், கடைசியில் கொஞ்சம் மிச்சம் விடுங்கள். இவ்வளவும் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது தெய்வானை கேட்டதுதான். தாளில் எல்லாத் துண்டும் உட்கார்ந்த பிறகு, இவருக்குக் கொடுத்ததை யாரிடமிருந்து எடுத்தேன் என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுக்கொள்கிறேன். பதில் வராத வரை ரூட்டரில் கை வைப்பதில்லை.